ஓலைத்தொடுவாய் நண்டுக் கணக்கு

ஓலைத்தொடுவாய்
13.03.2007, செவ்வாய்க்கிழமை

நீ எழுதினபடியேதான் எல்லாம் செய்தேன் பிள்ளை, ஒரு படியும் தாண்டவில்லை, ஆனால் கடைசியில் கொம்பியூட்டரில் சிலுவையாக வருகிறது.

ஒன்றில்லை, வரிசையாக. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிலுவை. பார், இருக்கிற பதற்றத்தில் சுகம்கூடக் கேட்காமல் தொடங்கிவிட்டேன். என் அன்பு மருமகள் ஜசிந்தாவுக்கு, அந்தக் கொழும்பு ஹொஸ்டலிலும் மடு மாதாவின் முந்தானை உன் தலைக்கு மேல் இருக்கட்டும். நான் சுகம். கோயிலில் முழந்தாளில் இருந்து எழும்பும்போது மட்டும் முன்னுக்கு இருக்கிற வாங்கைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வேறு குறை இல்லை. நீ சாப்பிடுகிறாயா, அல்லது தேத்தண்ணியும் பணிசுமாக நாளை ஓட்டுகிறாயா என்பதுதான் என் கவலை.

நீ பதிவுத் தபாலில் போட்ட சீடி பதினெட்டாம் நாள் வந்து சேர்ந்தது. உறையை யாரோ பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். சீடியில் கீறல் இல்லை. நீ எழுதின இரண்டு தாளும் உள்ளே பத்திரமாக இருந்தன. முதல் தாளில் பன்னிரண்டு படி. ஒரே ஒரு இங்கிலீஸ் எழுத்தைப் பேராக வைத்திருக்கிற புரோகிராமை முதல்முதலாகக் கேள்விப்படுகிறேன். ஆர் என்று மட்டும். உனக்குப் பேர் வைக்கும்போது என் தம்பி, உன் அப்பா, ஒரு கிழமை யோசித்தவர்.

கரண்ட் இப்போது காலை பத்து மணிக்கு வந்து இரண்டு மணிக்குப் போகிறது. நேற்றுப் பத்து மணிக்கே கொம்பியூட்டரின் மேல் போட்ட தலையணை உறையைக் கழற்றி, உப்புக்காற்றுப் பட்ட இடமெல்லாம் துடைத்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தேன். சீடியைப் போட்டதும் என்ன பாஷை வேண்டும் என்று கேட்டது. தமிழைத் தேடினேன், இல்லை. நீ எழுதினபடி இங்கிலீசை அமத்தினேன். பிறகு ஒரு பெரிய ஒப்பந்தம் வந்தது. வாசிக்கத் தெரியாத ஒன்றுக்குச் சம்மதம் என்று அமத்த மனம் வரவில்லைதான். நீ சம்மதம் என்று எழுதியிருந்தபடியால் நானும் சம்மதம். பிறகு ஒரு பச்சைக் கோடு ஊர்ந்து போனது. நான் செபமாலையை எடுத்து இரண்டாம் பத்து மணியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. பத்து நாட்களாக இரண்டு மணிக்குப் போகிற கரண்ட் நேற்று மட்டும் பன்னிரண்டரைக்குப் போனது.

இன்றைக்கு மறுபடி முதலில் இருந்து. பச்சைக் கோடு கடைசி வரை போய் முடிந்தது. அந்த எழுத்தை இரண்டு தரம் தட்டினேன், திறந்தது. உள்ளே இங்கிலீசில் நாலைந்து வரி. அதன் கீழே சிவப்பில் கிளி மூக்கு மாதிரி ஒரு சின்ன அடையாளம், பக்கத்தில் மினுங்கிக்கொண்டு ஒரு கோடு. அதுதான் நீ எழுதின பத்தாம் படி. நீ சிவப்புப் பேனையால் எழுதித் தந்த வரியை ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன், முக்கால் மணித்தியாலம் போயிருக்கும். அடித்துவிட்டு என்ரர் கட்டையைத் தட்டினால், மூக்கு இருந்த இடத்தில் சிலுவை. மறுபடி தட்டினேன், அடுத்த சிலுவை. பதினாலு தரம் தட்டினேன். பதினாலு சிலுவை, ஒன்றின் கீழ் ஒன்று. தவக்காலத்தில் சிலுவைப்பாதை தலத்துக்குத் தலம் போகிற மாதிரி. எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. ஒரு அருள்நிறை சொல்லிவிட்டு அணைத்துவிட்டேன்.

இனி நான் என்ன செய்ய? உன்னுடைய அறிக்கைக்கு வேண்டிய நண்டுக் கணக்கு முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. கொப்பிகளைக் கறையான் தின்றுவிட்டது. கொம்பியூட்டருக்கு வைரஸ் வந்து கடைக்காரச் சனூன் எல்லாவற்றையும் துடைத்தபோது கணக்குத் தப்பியது பெரிய காரியம். ஆனால் இந்த ஆர் இல்லாமல் அது திறக்காது, திறந்தால்தான் நான் பார்த்து எழுதி அனுப்பலாம் என்கிறாய். மே மாதம் அறிக்கை கொடுக்காவிட்டால் பட்டம் இல்லை என்றும் எழுதியிருக்கிறாய். நூற்று முப்பத்தொரு நாள் வெயிலில் நின்று எண்ணின கணக்கு. நீ சிக்குன்குனியாக் காய்ச்சலில் மூட்டு மூட்டாய் நொந்து கிடந்த ஒன்பது நாளும் நான் தராசைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனதை மறந்திருக்க மாட்டாய். வள்ள முதலாளி சிங்கராசா சம்மாட்டி, "என்ன அந்தோனியம்மா அக்கா, நீங்களும் கம்பசிலயோ படிக்கிறியள்?" என்று கேட்டு எல்லா வள்ளக்காரரையும் சிரிக்க வைத்தவர்.

சனூனைக் கேட்கலாம்தான். ஆனால் உப்புக்குளத்தில் கொமினிக்கேசன் கடை வைத்து ரெலிபோன் திருத்துகிறவனுக்கு இதில் என்ன தெரியப்போகிறது?

ஊர்ப் புதினம் பெரிதாக இல்லை. வள்ளங்களுக்குக் காலை ஆறில் இருந்து பன்னிரண்டு வரைதான் கடலுக்குப் போகப் பாஸ் கொடுக்கிறார்கள். நண்டு இருக்கிறது, போய் எடுக்க நேரம்தான் இல்லை. உன்னோடு படித்த மெற்றில்டா, யோசேப் அண்ணையின் மகள், கொழும்பில் தைக்கிற வேலைக்குப் போனவள், பாஸ்குவுக்கு, உயிர்த்த ஞாயிறுக்கு, வருகிறாளாம். தாய் திரேசம்மா வாசலுக்கு வாசல் சொல்லித் திரிகிறாள். ஞாயிறு பூசை முடிந்து வரும்போது என்னைப் பார்த்து, "உங்கட மருமகள் கம்பசுக்குப் போனாப் பிறகு மாமியை மறந்துபோட்டாளோ?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து பழக்கதோசத்தில் இரண்டு கோப்பை வைத்துவிட்டேன். ஒன்றை எடுத்து உள்ளே வைத்தேன்.

புரோகிராம் சரிவராவிட்டால் பாஸ்கு லீவுக்கு நானே வந்து பார்க்கிறேன் என்று நீ எழுதியிருக்கிறாய். சரிவரவில்லை பிள்ளை. சிலுவைதான் வருகிறது. வா.

உன் வரவைப் பார்த்திருக்கும் மாமி,
அந்தோனியம்மா


ஓலைத்தொடுவாய்
30.03.2007, வெள்ளிக்கிழமை

வராதே பிள்ளை. பஸ்ஸுக்கு ரிக்கற் எடுத்திருந்தால் அதைக் கிழித்துப் போடு. முதலில் இதை எழுதிவிட்டேன், மற்றதை இனிச் சொல்கிறேன்.

புதன்கிழமை புறப்படுகிறேன் என்று நீ போட்ட தபாலட்டை நேற்று முன்தினம் கிடைத்தது. அன்றில் இருந்து மூன்று நாளாகச் சனூனின் கடையில் நின்று உன் ஹொஸ்டல் நம்பரை அடிக்கிறேன். லைன் இல்லை. இன்ரநெட்டும் தை மாதத்தில் இருந்து இல்லை. நாளைக் காலை கன்னியாஸ்திரி மடத்துச் சிஸ்டர் ஒருவர் கொழும்புக்குப் போகிறார். இந்தக் கடிதத்தையும் இதோடு இருக்கிற கொப்பியையும் உன் கையிலேயே தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். திங்களுக்குள் உன்னிடம் வந்துவிட வேண்டும் என்று அவர் போகிற வழியெல்லாம் நான் இங்கே செபமாலை சொல்வேன்.

கொப்பியில் உன் நண்டுக் கணக்கு இருக்கிறது. ஓம், புரோகிராம் வேலை செய்கிறது. இன்றைக்கு நேற்று இல்லை, முதல் கடிதத்தை எழுதின அடுத்த நாளில் இருந்தே வேலை செய்கிறது.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை எழுதின கடிதத்தை வேதாகமத்துக்குள் வைத்துவிட்டு, புதன்கிழமை உன் தாளையும் பைக்குள் வைத்துக்கொண்டு மருந்தெடுக்க ரவுனுக்குப் போனேன். போன இடத்தில் மனம் கேளாமல் சனூனின் கடையில் ஏறி, சிலுவை வருகிற கதையைச் சொன்னேன். அவன் மனைவி சபூரா தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு, "மாமி, அது உங்களுக்குத்தான் சிலுவையாத் தெரிஞ்சிருக்கு" என்று சிரித்தாள். சனூன் நீ எழுதித் தந்த வரியையும் நான் அடித்ததை எழுதிக் கொண்டுபோன துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பார்த்துவிட்டு, "மாமி, அது சிலுவை இல்லை, கூட்டல் அடையாளம். அடைப்புக்குறியைத் திறந்தனீங்கள், மூட மறந்துபோனீங்கள். இன்னும் சொல்லி முடிக்கயில்லை, சொல்லுங்கோ எண்டு அது பாத்துக்கொண்டு நிக்குது" என்றான். என் பஸ் ரிக்கற்றின் பின்பக்கத்தில் அந்த வளைந்த கோட்டைப் பெரிதாகக் கீறியும் தந்தான். ரெலிபோன் திருத்துகிறவன் என்று நான் எழுதினதற்கு அவனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டுக்கு வரும்போது ஒரு மணி. கரண்ட் இருந்தது. மறுபடி ஒவ்வொரு எழுத்தாக அடித்து, கடைசியில் அடைப்பை மூடினேன். அடுத்த வரியையும் அடித்துத் தட்டினேன். மழை கொட்டினமாதிரி இலக்கங்கள் இறங்கின, பிள்ளை. திகதி, வள்ளம், கிலோ. செப்டெம்பர், ஒக்டோபர், எல்லாம். நான் தனிய இருந்து கை தட்டினேன்.

பிறகு திரும்பிப் பார்த்தால் மேசையில் வேதாகமம், அதற்குள் கடிதம். கிழித்திருக்கலாம். புதிதாக இரண்டு வரி எழுதியிருக்கலாம். வியாழக்கிழமை காலை குளித்து வெளிக்கிட்டுத் தபால் கந்தோருக்குப் போய் அதையே போட்டேன். கடிதத்தில் இருந்தது ஒன்றும் பொய் இல்லை, செவ்வாய்க்கிழமை எல்லாம் உண்மைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். வரும் வழியில் பச்சையரிசியும் தேங்காயும் வாங்கினேன், நீ வந்தால் கொழுக்கட்டை கேட்பாய் என்று.

மெற்றில்டா வரவில்லை, பிள்ளை. சென்ற புதன்கிழமைக்கு முதல் புதன், இருபத்தோராம் திகதி, அவள் வந்த பஸ்ஸை வழியில் மறித்து அடையாள அட்டை பார்த்திருக்கிறார்கள். விலாசத்தைப் பார்த்துவிட்டு அவளை மட்டும் இறக்கினார்களாம். விசாரித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுகிறோம் என்று சொன்னதாகப் பஸ்ஸில் வந்தவர்கள் சொல்கிறார்கள். இன்றைக்கு ஒன்பதாம் நாள். யோசேப் அண்ணை ஏறி இறங்காத கந்தோர் இல்லை. எல்லா இடத்திலும் தங்களிடம் இல்லை என்கிறார்களாம். திரேசம்மா கோயிலில் வியாகுல மாதா சுரூபத்துக்குக் கீழேயே இருக்கிறாள். தவக்கால முறைப்படி சுரூபத்தை ஊதாச் சீலையால் மூடிய பிறகும் அந்தச் சீலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். அந்தச் சீலையைத் தைத்தவள் நான். அவளுக்குப் பக்கத்தில் போய் இருக்க எனக்குக் கால் கூசுகிறது. மெற்றில்டாவின் அட்டையில் இருக்கிற விலாசமும் உன் அட்டையில் இருக்கிற விலாசமும் ஒன்றுதான், வீட்டு இலக்கம்தான் வேறு.

நேற்றுப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சுவாமியாரிடம், "நான் பொய் எழுதயில்லை சுவாமி, எழுதேக்கை அது உண்மை. போஸ்ற் பண்ணினதுதான் பிழை" என்று சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தட்டிக்குப் பின்னால் இருந்து கேட்டது. பிறகு, "பிள்ளை எப்ப வருகுது?" என்று கேட்டார். புதன்கிழமை என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. அபராதமாக எத்தனை செபமாலை என்று நானே கேட்டேன். "செபமாலை பிறகு சொல்லலாம் அம்மா. முதல்ல வீட்டை போய்க் கடிதம் எழுதுங்கோ, கணக்கையும் எழுதிக் குடுங்கோ. அவ வாறதுக்கு ஒரு காரணமும் மிச்சம் வையாதையுங்கோ" என்றார்.

தபாலட்டை வந்த புதன்கிழமையே எழுதத் தொடங்கிவிட்டேன், சுவாமியார் சொல்லுமுன். மெற்றில்டாவின் கதையைக் கேட்ட நாளில் இருந்தே எழுதியிருக்க வேண்டும், அதையும் அவரிடம் சொன்னேன். மூன்று நாள், கரண்ட் இருந்த நேரமெல்லாம். ஒரு வரியை விரலால் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுத வேண்டும், இல்லாவிட்டால் வரி மாறிவிடும். திகதியும் இலக்கமுமாக இருக்கிற கொப்பியை வழியில் யாராவது பார்த்து வேறு விதமாக நினைத்துவிடக்கூடாது என்று, ஒவ்வொரு பக்கத்தின் மேலும் நண்டு என்று தமிழிலும் இங்கிலீசிலும் எழுதியிருக்கிறேன். சிங்களத்திலும் எழுத நேற்றே சனூனிடம் கொடுத்தேன், புத்தளத்தில் இருந்த காலத்தில் படித்தவன். அவன் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு நண்டுப் படமும் கீறிவிட்டான். கம்பஸில் காட்டும்போது கோபிக்க மாட்டார்கள்தானே?

உன் இரண்டாம் தாள் எனக்கு நன்றாக உதவியது. இலக்கம் இருக்கிற இடத்தில் இரண்டு எழுத்து நின்றால் அது விபரம் இல்லை என்று அர்த்தம், அதைச் சைபர் என்று எழுதிவிடாதீர்கள் மாமி, சைபர் வேறு அது வேறு என்று எழுதியிருந்தாய். முதலில் எனக்கு விளங்கவில்லை. இல்லை என்றால் இல்லைதானே என்று நினைத்தேன். பிறகு எழுத எழுத விளங்கியது. வள்ளம் போய் வெறும் வலையோடு வந்த நாளுக்குச் சைபர். அது தெரிந்த கணக்கு. வள்ளம் போனதோ, வந்ததோ, என்ன பட்டதோ ஒருவருக்கும் தெரியாத நாளுக்கு அந்த இரண்டு எழுத்து. எழுதிக்கொண்டு போகும்போது திரேசம்மாவை நினைத்தேன். உன் அப்பா அம்மாவையும் நினைத்தேன். கொப்பளிப்பான் அம்மை போட்டிருந்த உன்னை என்னிடம் விட்டுவிட்டு, சுகமானதும் அடுத்த வள்ளத்தில் ஏற்றிவிடுங்கோ அக்கா என்று சொல்லிவிட்டு இந்தக் கரையில்தான் ஏறினார்கள். ராமேஸ்வரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று மட்டும் தெரியும். பதினேழு வருசமாக நான் அவர்களுக்குச் சைபரும் போடவில்லை.

திறந்ததும் வருகிற அந்த நாலைந்து வரிக்கும் சனூனிடம் அர்த்தம் கேட்டேன். இந்தப் புரோகிராம் இலவசம், ஆனால் இதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை என்று எழுதியிருக்கிறதாம். முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுகிறோம் என்று சொல்கிறவர்களைவிட அதற்கு நேர்மை இருக்கிறது.

இப்போது கணக்கில் எழுத ஒன்றும் மிச்சம் இல்லை. ஆனாலும் இன்றைக்குக் கொம்பியூட்டரை அணைக்காமல் விட்டிருக்கிறேன். பெட்டிக்குள் காற்றாடி சுற்றுகிற சத்தம் வீட்டில் ஒரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது. இரண்டு மணிக்குக் கரண்ட் போனதும் அதுவாக நின்றுவிடும்.

கொழுக்கட்டைக்கு வாங்கின அரிசியை இடித்து, மாவை வறுத்துச் சிஸ்டரிடம் ஒரு பையில் கொடுத்திருக்கிறேன். வழியில் சோதிக்கிறவர்கள் அதை விடுவார்களோ தெரியாது. விட்டால் ஹொஸ்டல் பிள்ளைகளோடு சேர்ந்து அவி. பாஸ்குப் பூசைக்கு அங்கேயே பக்கத்துக் கோயிலுக்குப் போ. எனக்காகவும் மெற்றில்டாவுக்காகவும் ஒரு மெழுகுதிரி கொளுத்து. அறிக்கையை நல்லபடி எழுதிக் கொடு. பட்டம் எடு. அதற்குப் பிறகும் நான் வா என்று எழுதும் வரைக்கும் வராதே. என் கையெழுத்தில் எழுதினால் மட்டும் நம்பு. இடையில் எனக்கு ஆசை மிஞ்சி வா என்று எழுதினாலும், தெருவில் என்ன நிலைமை என்று வேறு இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு வா. மாமியை நம்பாதே என்று மாமியே எழுதுகிறேன்.

மூன்று தரம் நெற்றியில் சிலுவை போட்டு உன்னை ஆண்டவரிடம் ஒப்படைக்கிறேன். நீ இருக்கிற இடத்திலேயே இரு, என் ராசாத்தி.

உன் மாமி,
அந்தோனியம்மா

உறையை ஒட்டப்போகும்போதுதான் நினைவு வருகிறது. கொப்பியில் எட்டாம் பக்கம், டிசம்பர் பதினொன்று, முப்பத்தெட்டுக் கிலோ என்று இருக்கும். அது உன் காய்ச்சல் நாட்களில் ஒன்று. அன்றைக்கு நான் கடற்கரைக்குப் போகவில்லை, பிள்ளை. காய்ச்சல் ஏறி நீ ஆள் யாரென்று மட்டுக்கட்டாமல் அம்மா, அம்மா என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு கிடந்தாய். விடியலில் இருந்து பொழுதுபடும் வரை ஈரச்சீலையோடு உன் தலைமாட்டில்தான் இருந்தேன். பின்னேரம் நீ கண் திறந்து, "மாமி, இண்டைக்கு எத்தினை கிலோ?" என்று கேட்டாய். வாயில் வந்ததைச் சொன்னேன். அந்த முப்பத்தெட்டை எடுத்துவிட்டு, அந்த இரண்டு எழுத்தைப் போடு.